பால் திரிய வேண்டி அம்பத்தூருக்கு

எத்தனையோ பேர் தாஜ்மகாலைப் பார்க்க இந்தியாவுக்குப் போகிறார்கள். நான் பால் திரிவதைப் பார்க்கப் போனேன். அதுவும் அம்பத்தூருக்கு.

காரணம் என் இடதுகால் கட்டைவிரல். மலேசியாவில் ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஊரார் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது என் தொழில். என் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்க மட்டும் எனக்கு நேரம் கிடைக்கவில்லை. புதுச் செருப்பு கடித்தது, கொப்புளம் புண்ணானது, புண் கறுத்தது. எங்கள் சர்ஜன் சீனர், நல்ல மனிதர், ஆனால் கத்தியைக் கையில் எடுத்தால்தான் முகத்தில் சிரிப்பு வரும். செத்த சதை போகவில்லையென்றால் விரலை எடுத்துவிடலாம் என்றார், ஏதோ நகம் வெட்டுகிற காரியம் போல.

அதற்கு முன்னால் ஒன்று முயன்று பார்க்கலாம் என்று ஒரு பட்டையை எடுத்துக் காட்டினார். பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த என்சைமைத் துணியில் ஏற்றிக் காயவைத்தது. கறி வேகவில்லையென்றால் குழம்பில் இரண்டு துண்டு பப்பாளிக்காய் போடுவோமே, அதே சமாசாரம்தான். இங்கே கறி நான். இந்தப் பட்டை செத்த சதையைக் கரைத்துவிட்டு உயிருள்ளதை விட்டுவைக்கும். மாதிரிக்கு வந்த சின்னப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டியதில் பாதிக் கறுப்பு போய், அடியில் ரோஜா நிறச் சதை தெரிந்தது. நானும் என் மனைவியும் அந்த விரலை மாறி மாறிப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம்.

பிறகு பெரிய சரக்கு வந்தது. அதைக் கட்டியதில் ஒன்றும் நடக்கவில்லை. பட்டை பாட்டுக்கு விரல்மேல் உட்கார்ந்திருந்தது, விரல் பாட்டுக்குக் கறுத்துக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தேகம் வந்து பாலில் போட்டுப் பார்த்தேன். இந்த என்சைம் உயிரோடிருந்தால் பால் திரியும். மாதிரிப் பட்டை பாலைக் கட்டி கட்டியாக்கியது. பெரிய சரக்குப் பட்டை பாலைப் பாலாகவே விட்டது. அம்பத்தூரிலிருந்து செய்து அனுப்பியவரோ, "இங்கிருந்து கிளம்பும்போது உயிரோடுதான் இருக்கிறது" என்று சத்தியம் செய்தார்.

"உனக்குத் தமிழ் தெரியும், சோதனை தெரியும், புண்ணும் உன்னுடையது. போய் உயிருள்ளதாகப் பார்த்துக் கொண்டு வா. இரண்டு வாரம் பொறுக்கிறேன்" என்றார் சர்ஜன். கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் அவர் துடைத்தது மூக்குக் கண்ணாடியை.

பட்டை செய்கிறவர் பெயர் லூர்துநாதன். ஆவடியில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறை. ஐம்பது வயது, ரசாயனம் படித்தவர், பேசும்போது சட்டைக்குள் தொங்கும் சிலுவையை விரலால் உருட்டுவார். "ஓட்டல்ல எல்லாம் தங்கக் கூடாது சார், நம்ம வீட்டுலதான்" என்று என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். அவர் மனைவி ஸ்டெல்லா வாசலிலேயே காபி டம்ளரோடு நின்றார். எனக்குச் சர்க்கரை வியாதி என்று சொன்னேன்.

"அப்படியா? அதான் கம்மியா போட்டிருக்கேன்" என்றார். குடித்தால் பாயசம். மறுநாள் அழுத்திச் சொன்னேன். "சரி, அப்ப நாட்டுச் சர்க்கரை போட்டுடறேன்" என்றார். அதற்கு மறுநாள் பனங்கற்கண்டு. அந்த வீட்டில் சர்க்கரையை நிறுத்த முடியாது, ரகத்தைத்தான் மாற்ற முடியும் என்று புரிந்துகொண்டு, காபியை ஜன்னலோரத் துளசிக்கு ஊற்ற ஆரம்பித்தேன். கிறிஸ்தவர் வீட்டில் துளசி எப்படி என்று கேட்காதீர்கள், ஸ்டெல்லாவுக்கு இருமல் உண்டு.

ஆவடியிலிருந்து அம்பத்தூருக்கு மின்சார ரயில். என் தாத்தா ஏன் இந்த நாட்டைவிட்டுக் கப்பலேறினார் என்பது அதில் ஏறியதும் விளங்கியது. ஷூவின் முன்பக்கத்தை வெட்டி, கட்டுப்போட்ட விரலை வெளியே விட்டிருந்தேன். எங்கள் ஊரில் அதைப் பார்த்தால் ஒதுங்குவார்கள். இங்கே ஒதுங்க மனமிருந்தாலும் இடமில்லை. ஒரு டிபன் கேரியர் விரல்மேல் இறங்கியது. நான் போட்ட சத்தத்தில் பெட்டி முழுக்கத் திரும்பியது. டிபன் கேரியரின் சொந்தக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், கால இங்க நீட்டிகினு கீறியே, நாங்க எங்க வெக்கிறது?"

மொழிபெயர்த்தால், குற்றம் என் காலுடையது என்று பொருள். ஆனால் அடுத்த நிமிஷமே அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை எழுப்பி என்னை உட்காரவைத்தார். "குந்து சார். சுகரு புண்ணா? எங்க மச்சானுக்கும் இப்டித்தான். முட்டி வரிக்கும் எட்த்துட்டாங்க" என்று ஆறுதலும் சொன்னார். அம்பத்தூர் வரும்வரை மச்சானின் காலைப் பற்றியே பேசினார். இறங்கியதும் என் கால் இரண்டும் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

பட்டறை சின்னதுதான். பக்கத்துக் கொட்டகையில் தகடு அடிக்கும் எந்திரம் நாள் முழுக்க இடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் வெள்ளைத் தொப்பி போட்ட பெண்கள் பட்டைகளை வெட்டி உறையிலிட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் மேலே மேஸ்திரி பச்சையம்மா. நெமிலிச்சேரிக்காரர். நெல் விளைந்த அவர் வீட்டு நிலத்தில் இப்போது மனைக்கல் நட்டிருக்கிறார்கள். நிலத்தை விரட்டி வேலை வாங்கிய குடும்பம், அதே குரலில் அவர் பட்டறையை விரட்டினார். லூர்துநாதன் முதலாளி என்பது லூர்துநாதனுக்கே சில சமயம் சந்தேகமாகிவிடும்.

"மலேசியா சார் இவருதானா?" என்றார் பச்சையம்மா. என் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தார். "நம்ம பட்டை வேல செய்யலன்னு சொன்னது நீதானா? வா. நீயே உன் கண்ணால பாரு."

உறையிலிட்டு வைத்திருந்த ஒன்றைப் பிரித்து, வெதுவெதுப்பான பாலில் போட்டார். நான் மூக்கைச் சொறிந்து முடிப்பதற்குள் பால் கட்டி கட்டியாகப் பிரிந்தது.

"பாத்துகினியா? எங்க கைல கீற வரிக்கும் உசுரோடதான் கீது. அப்பால எவன் கொன்னான்னு நீ கண்டுபுடி."

நான் ஈப்போவிலிருந்து கொண்டுபோயிருந்த பட்டையைப் பக்கத்து டம்ளரில் போட்டேன். எவ்வளவு நேரம் நின்றாலும் அந்தப் பால் பாலாகவே இருந்தது. பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். பச்சையம்மா அந்த டம்ளரை ஆட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார், கொண்டுபோய்க் கொட்டினார்.

கொன்றவர்கள் பட்டியலில் லூர்துநாதனுக்கு முதல் ஆள் பெங்களூர். உறையை ஒட்டியபின் சரக்கு லாரியில் பெங்களூர் போகிறது. அங்கே கோபால்ட் கதிர் பாய்ச்சி உள்ளேயிருக்கும் கிருமியைக் கொல்கிறார்கள். அப்புறம் உறையைப் பிரித்தால் சுத்தம் கெட்டுவிடும் என்பதால் யாரும் பிரிப்பதில்லை, அப்படியே கப்பலுக்குப் போய்விடும். "கதிரை அளவுக்கு மீறி அடிச்சிட்டானுங்க சார்" என்றார். பட்டறைப் போனில் வெளியூர் கிடைக்காது என்று எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் பெங்களூரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டார். மாதிரிக்கு அடித்த அதே அளவுதான் சரக்குக்கும் என்று அவர்கள் சாதித்தார்கள்.

என் சந்தேகம் லாரிமேல். வெயிலில் வெந்திருக்கலாம். அதனால் மறுநாள் பூந்தமல்லிக்கு, லாரி ஆபீசுக்குக் கிளம்பினேன். பட்டறை வாசலில் நிற்கும் ஏழுமலையின் ஆட்டோ. ஏறும்போதே அவர் சொல்லிவிட்டார்.

"அண்ணாத்தே, வண்டி நல்ல வண்டி. நிறுத்துனாதான் பேஜார். கெளம்பாது. அதனால நடுவுல எங்கியும் எறங்கணும்னு சொல்லாத."

சொன்னபடியே சிக்னல், மாடு, பள்ளிக்கூடம் எதற்கும் நிற்கவில்லை. பூந்தமல்லியில் நிறுத்தினார், அதோடு நின்றுவிட்டது. லாரி ஆபீசில் விசாரித்தால் மாதிரிப் பெட்டி போனதும் அதே லாரி, அதே டிரைவர், அதே சித்திரை வெயில். என் ஆளும் தப்பிவிட்டார்.

வயிற்றெரிச்சலோடு பக்கத்துக் கடையில் மட்டன் பிரியாணி சாப்பிட்டேன். கறி வாயில் வைத்ததும் கரைந்தது. தொழில் புத்தி, "பப்பாளிக்காய் போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். "பப்பாளி போட்டு வேக வெக்க இது இன்னா கெழட்டு ஆடா? எளசு சார், எளசு!" என்று கத்தினார். கடையிலிருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பகையோடு பார்த்தார்கள். திரும்பும்போது ஆட்டோவை அவர்களில் இரண்டுபேர்தான் தள்ளிவிட்டார்கள். மெட்ராஸ்காரர்களுக்குக் கோபம் அவ்வளவு நேரம்தான் தங்குகிறது.

வெள்ளிக்கிழமை. அன்று எனக்காகவே ஒரு புதுச் சரக்கு போட ஏற்பாடு. பட்டைகள் தட்டுத் தட்டாகக் காய்ந்து, கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைப்பாக இருந்தன. பச்சையம்மா தலைக்குக் குளித்து, நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். சலூனில் தலையில் தண்ணீர் அடிப்பார்களே, அந்த விசைப்பாட்டில். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, திறந்து கிடந்த தட்டுகளின்மேல் ஷ், ஷ், ஷ் என்று அடித்துக்கொண்டே போனார். பட்டைகள் பூப்போலத் துவண்டன. பெண்கள் அவற்றை எடுத்து உறைக்குள் விட்டு ஒட்ட ஆரம்பித்தார்கள்.

"அது என்ன?" என்றேன்.

"மாங்காட்டு அம்மன் தீர்த்தம் சார். பாதி. மீதி நம்ம சாரு கோயில்லேந்து எட்த்தாந்த புனித தண்ணி. ரெண்டும் கலந்துக்கிட்டேன், யாருக்கும் மனத்தாங்கல் இல்ல பாரு."

நான் லூர்துநாதனைப் பார்த்தேன். அவர் சிலுவையை உருட்டினார்.

"உறைமேல அடிச்சா போதாதா?"

"உள்ள எப்டி போவும்? பிளாஸ்டிக்காச்சே!" என்றார் பச்சையம்மா, என் அறிவை நினைத்து வருத்தப்பட்டு. "அப்பறம், காஞ்ச பட்டை உறைல போவ சொல்லோ ஓரம் ஒடையும். இத அடிச்சா ஒடையாம ஜோரா பூந்துக்குது. அதான் அம்மன் சக்தி."

"மாதிரிப் பெட்டிக்கும் அடிச்சீங்களா?"

"மாதிரிக்கு எதுக்கு சார் தீர்த்தம்? எக்ஸ்போர்ட்டுக்குத்தான்."

ஆஸ்பத்திரிப் பயிற்சி வகுப்பில் எல்லாரும் தூங்கிய ஒரு மதியத்தில் சொல்லிக்கொடுத்த பாடம் எனக்கு நினைவுக்கு வந்தது. காய்ந்த பொருளுக்குள் கதிர் போனால் கிருமியைக் கொல்லும், என்சைமில் கொஞ்சத்தைக் கெடுக்கும், மிச்சம் பிழைத்துக்கொள்ளும். ஈரம் இருந்தால் கதிர் தண்ணீரை உடைக்கிறது. உடைந்த துண்டுகள் வெறிபிடித்து அலைந்து, பக்கத்திலிருக்கும் என்சைமைக் கடித்துக் குதறிவிடுகின்றன. தண்ணீர் மட்டும் பட்டால் பட்டைக்கு ஒன்றும் ஆகாது, அதனால்தான் இங்கே பால் திரிந்தது. கதிர் மட்டும் பட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. இரண்டும் சேர்ந்தால்தான் கொலை. பெங்களூரும் நிரபராதி, லாரியும் நிரபராதி. ஒரு சலூன் பாட்டிலும் இரண்டு மதங்களும் சேர்ந்து செய்த காரியம்.

இதை எவ்வளவு பணிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பணிவாகச் சொன்னேன். பணிவு போதவில்லை.

"இன்னா சார் சொல்ற? அம்மன் தண்ணி மருந்த சாவடிக்குதா?" பச்சையம்மாவின் குரலில் பக்கத்துக் கொட்டகை எந்திரமே நின்றதுபோலிருந்தது. "என் புள்ளைக்கு அம்மை போட்டப்ப இந்தத் தண்ணிதான் காப்பாத்துச்சு. உன் வெரலுக்கோசரம்தானே காலைல நாலு மணிக்கு எழுந்து போயி புட்ச்சாந்தேன்!"

"சார், நீங்க ரசாயனம் படிச்சவராச்சே" என்று நான் லூர்துநாதன் பக்கம் திரும்பினேன்.

"ரசாயனம் வேற, விசுவாசம் வேற சார்" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆனா பட்டைக்கு ரசாயனம்தான்" என்றார்.

கடைசியில் பச்சையம்மாவே ஒரு வழி சொன்னார். இன்னும் தீர்த்தம் படாத தட்டுகளை அப்படியே உலர்ந்தபடி உறையிலிட வேண்டும், ஓரம் உடைந்தால் உடையட்டும். தீர்த்தம் பட்டு ஒட்டிய உறைகளில் ஒன்றை மட்டும் குங்குமப் பொட்டு வைத்து அதே பெட்டியில் அனுப்ப வேண்டும். பெங்களூரிலிருந்து திரும்பி வந்ததும் இரண்டையும் பாலில் போட வேண்டும். "அப்ப தெரியும் யாரு சொல்றது நெஜம்னு" என்று சொல்லிவிட்டு என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

லாரி போனது. அதன் பிறகு வந்த நாட்களைப் பற்றி எழுத என்னிடம் கேலி எதுவும் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. கறுப்பு விரலின் முதல் கணுவைத் தாண்டியது. ஆவடியில் ஒரு டாக்டரிடம் தினமும் கட்டு மாற்றினேன், அவர் உதட்டைப் பிதுக்குவார். ஒரு சாயங்காலம் ஸ்டெல்லா சர்க்கரையே போடாத காபி கொண்டுவந்து வைத்தார். அந்த வீட்டில் அது நடந்தபோதுதான் என் நிலைமை எனக்கே முழுசாகப் புரிந்தது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அந்தக் கசப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

லாரி திரும்பும் நாளும் நான் ஊர் திரும்பும் நாளும் ஒன்றாகிவிட்டன. பகலில் லாரிகளை ஊருக்குள் விடமாட்டார்கள் என்பதால் அது நசரத்பேட்டையில் பெங்களூர் ரோட்டோரம் நிற்கும். அங்கேயே போய்ப் பெட்டியை வாங்கி, அங்கேயே சோதித்து, உயிரோடிருந்தால் எடுத்துக்கொண்டு விமான நிலையம் போவது என்று முடிவு. செத்திருந்தால் வெறுங்கையோடு போய்க் கத்திக்கு விரலைக் கொடுக்கவேண்டியதுதான்.

விடிந்ததும் ஏழுமலையின் ஆட்டோவில் லூர்துநாதனும் பச்சையம்மாவும் நானும் என் பெட்டியும் ஏறினோம். பூந்தமல்லியில் ஒரு எருமைக்கூட்டத்துக்காக நின்றது, வழக்கம்போல் நின்றேவிட்டது. முதலாளியும் மேஸ்திரியும் இறங்கித் தள்ளினார்கள். நான் காலை நீட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். "ராசா மாதிரி குந்திகினு வராரு பாரு" என்றார் பச்சையம்மா, என்னிடமல்ல, பொதுவாக. பேசாமலிருந்த நாட்களில் எனக்குக் கிடைத்த முதல் பேச்சு அது.

நசரத்பேட்டையில் லாரி நின்றிருந்தது. எதிரே ஒரு டீக்கடை. பெட்டியைப் பிரித்து, ஒரு சாதா உறையையும் குங்குமப் பொட்டு உறையையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம்.

"காய்ச்சாத பால் ரெண்டு டம்ளர் வேணும்" என்றேன். "லேசாகச் சூடு பண்ணி."

"எதுக்கு?" என்றார் டீக்கடைக்காரர்.

"திரியுதான்னு பாக்கணும்."

அவர் பாய்லரை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். "காலாங்காத்தால என் கடைல வந்து பாலு திரியணும்ன்றியா? யாவாரம் வெளங்குமா? போ சார், அந்தாண்ட!"

பச்சையம்மா குறுக்கே வந்தார். "அண்ணாத்தே, இந்தாளு வெரலப் பாரு. மலேசியாலேந்து வந்துகீறாரு. பாலு திரிஞ்சா வெரலு கீது, திரியலன்னா வெரலு இல்ல. அவ்ளோதான் கத." என் பக்கம் நின்றுதான் அவர் பேசினார் என்பது எனக்கு அப்புறமாகத்தான் உறைத்தது.

டீக்கடைக்காரர் விரலைப் பார்த்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டு டம்ளரில் பால் ஊற்றினார். வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கி, சாதாப் பட்டையை ஒரு டம்ளரிலும் பொட்டுப் பட்டையில் பாதியை இன்னொன்றிலும் போட்டேன். டீ குடிக்க வந்தவர்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

இரண்டு பாலும் அசையவில்லை. நேரம் போனது. பொட்டு வைத்தது திரியவில்லை. பொட்டு வைக்காததும் திரியவில்லை. லூர்துநாதன் வாய்க்குள் ஜெபம் சொல்வது கேட்டது. நான் மனதுக்குள் என் மனைவிக்கு எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேட ஆரம்பித்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கக்கூட இல்லை.

அப்போது ஏழுமலை பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "ஏன் மாமே, எந்தப் பால ஊத்துன? நமக்கு டீ போடுவியே, அதானா?"

"ஏன், அதுக்கின்னா?"

"அதுல திரியறதுக்கு பாலு எங்க கீது?"

கூட்டம் சிரித்தது. டீக்கடைக்காரர் சிவந்துபோய், "யார்ரா அவன், என் பால்ல தண்ணின்றவன்? மூஞ்சிய பேத்துடுவேன்!" என்று கரண்டியைத் தூக்கினார். அத்தனை வாடிக்கையாளர்களும் அவரையே பார்த்தார்கள். அவர் அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கரண்டியை வைத்துவிட்டு, பெஞ்சுக்கு அடியில் குனிந்து, துணி போட்டு மூடியிருந்த ஒரு சின்னத் தூக்கை எடுத்தார்.

"இது ஊட்டுக்கு வெச்சது" என்றார், யார் முகத்தையும் பாராமல். "ஊத்திக்கோ."

புதுப் பால், புது டம்ளர்கள், பெட்டியிலிருந்து இன்னொரு சாதா உறை, பொட்டு உறையில் மிச்சமிருந்த பாதிப் பட்டை. போட்டுவிட்டு நான் பார்க்கவில்லை. ரோட்டில் போகும் லாரிகளை எண்ண முயன்றேன்.

"சார்" என்றார் லூர்துநாதன். "சார், சார், சார்!"

சாதா டம்ளரில் பால் கட்டி கட்டியாகத் திரிந்து, மேலே தெளிந்த நீர் நின்றது. நான் ஓவென்று கத்தினேன். லூர்துநாதன் ஏழுமலையைக் கட்டிக்கொண்டார். டீ குடிக்க வந்தவர்கள் எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்கள். நல்ல பால் திரிந்ததற்கு இவ்வளவு கொண்டாட்டம் அந்தக் கடைக்காரர் ஆயுசில் பார்த்திருக்கமாட்டார்.

பச்சையம்மா மட்டும் இன்னொரு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதில் பால் பாலாகவே இருந்தது. ஆட்டிப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"அப்ப நான்தான் உன் வெரல கெடுத்தேனா சார்?" என்றார்.

"நீங்க என் விரலுக்காகத்தானே நாலு மணிக்கு எழுந்தீங்க" என்றேன். உண்மையும் அதுதான்.

அவர் பையிலிருந்து அந்த விசைப்பாட்டிலை எடுத்தார். லூர்துநாதன் பதறிப்போய்ப் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். பச்சையம்மா அவரைச் சட்டை செய்யாமல் மாங்காடு இருக்கும் திசைக்குத் திரும்பி நின்றார். "தாயே, நம்ம பட்டைக்கு மட்டும் நீ தண்ணியா வராத. காத்தா வா" என்று சொல்லி, பாட்டிலைத் திரும்பப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஊருக்குப் போயி வெரலு கீதா இல்லியான்னு ஒரு போன் போடு. அது வரிக்கும் இத தொடமாட்டேன்" என்றார்.

விமான நிலையத்துக்கு ஆட்டோ எங்கும் நிற்காமல் போனது.

காய்ந்த பட்டைகள் தங்கள் வேலையைச் செய்தன. கறுப்பு கரைந்து, விளிம்பு சிவந்து, புதுச் சதை மெல்ல மேலேறியது. நகம் போய்விட்டது, விரலும் பார்க்க அழகாக இல்லை, ஆனால் காலோடு இருக்கிறது. சர்ஜன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிறிது ஏமாற்றத்தோடு கைகுலுக்கினார்.

அன்றைக்கே பட்டறைக்கு ட்ரங்க் கால் போட்டேன். தகடு அடிக்கும் சத்தம்தான் முதலில் கேட்டது. அப்புறம் யாரோ ஓடிவந்து போனைப் பிடுங்கினார்கள். ஹலோகூட இல்லை.

"வெரலு?"

"இருக்கு" என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு பை ஜிப்பைத் திறக்கும் சத்தம்.

"அப்ப இரு சார், போன வெச்சிடாத" என்றார் பச்சையம்மா.

ஷ், ஷ், ஷ் என்று கேட்டது. டெலிபோனுக்கு அடிக்கிறார். லைன் கரகரத்தது, பின்னால் லூர்துநாதன், "அம்மா, போன் கெட்டுடும்!" என்று அலறினார். ஈப்போவில் நின்றிருந்த எனக்குக் காதில் ஈரம் பட்டதுபோலிருந்தது. நான் துடைத்துக்கொள்ளவில்லை.